சிரிக்காத மருமகளும் ஸ்டுடியோ கோட்டும்

நேயர்களுக்கு வணக்கம். போன தடவை இதே வானொலி நிலையத்தில் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் பழைய படங்களைப் பற்றிப் பேசினேன். பேசிவிட்டுப் போனதோடு சரி, யார் கேட்டிருக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு மாதம் கழித்து நிலையத்திலிருந்து கூப்பிட்டு, "சார், உங்கள் பேருக்குக் கடிதம் வந்து கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள், அப்படியே இன்னொரு முறை பேசியும் விடுங்கள்" என்றார்கள். பையில் போட்டுக்கொண்டு போய் ராத்திரி உட்கார்ந்து படித்தேன். சமூகவியல் பாடம் நடத்திப் பிழைத்தவன் நான். படத்தைப் பார்த்தால் அதில் இருக்கிற சமூகம் எனக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு நினைப்பு இருந்தது. அது அன்றைக்கு ராத்திரி கொஞ்சம் அடிவாங்கியது.

முதல் அடி சிரிப்பு விஷயத்தில். பழைய படங்களில் எல்லோரும் உர்ரென்று இருக்கிறார்களே ஏன் என்று கேட்டு, நானே பதிலும் சொல்லியிருந்தேன். அந்தக் காலக் கேமராவுக்கு முன்னால் ரொம்ப நேரம் அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவு நேரம் சிரித்தபடி இருக்க முடியாது, அதனால்தான் என்று. எல்லோரும் சொல்கிற விளக்கம்தான். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: "நீங்கள் கேமராவைப் பற்றிப் பேசினீர்கள். என் மாமியாரைப் பற்றி உங்களுக்குத் தெரியாது." 1968இல் அவருக்குக் கல்யாணம். மறுவாரம் டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஸ்டுடியோவில் படம் எடுத்திருக்கிறார்கள். போட்டோக்காரர் நல்ல மனுஷன், "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றிருக்கிறார். விளக்குக்குப் பின்னால் நின்ற மாமியார் "பல்லைக் காட்டாதே" என்று ஒரு அதட்டல். அதைக் கேட்டதும் இவருக்கு இன்னும் சிரிப்பு வந்துவிட, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாராம். "படத்தில் என் வாய் ஒரு பக்கம் கோணியிருக்கும். பேத்திகள் அதை வெட்கம் என்கிறார்கள்."

இந்த ஒரு கடிதமே என் விளக்கத்தை உடைத்துவிட்டது. 1839இல் பாரிஸில் டாகேர் தன் புகைப்பட முறையை வெளியிட்டபோது ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் ஆனது உண்மைதான். ஆனால் 1968இல் ஸ்டுடியோ விளக்கு வெளிச்சத்தில் ஒரு நொடிகூடத் தேவையில்லை, கண் இமைக்கும் நேரத்துக்கு யாரும் சிரித்துவிடலாம். சிரிக்காமல் இருந்ததற்குக் காரணம் வேறே. பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ இதைத் தன் சொந்த ஊர்ப் பக்கமான பேயார்ன் பகுதியின் விவசாயிகளிடம் பார்த்து எழுதியிருக்கிறார். அவர்களும் நம்மைப் போலத்தான், படத்தில் நேர்முகமாக, விறைப்பாக, நட்ட நடுவில் நிற்பார்கள். தெரியாத்தனமாக எடுத்த படம் என்றால் அவர்களுக்குப் பிடிக்காது. நாலு பேர் பார்க்கப் போகிற இடத்தில் நம்மை நாமே ஒழுங்காக நிறுத்திக்கொள்வதுதான் மரியாதை, பார்க்கிறவருக்கும் அது மரியாதை. நான் இதை வகுப்பில் வருஷக்கணக்காக நடத்தியிருக்கிறேன் என்பதுதான் வேடிக்கை. நம் வீட்டுச் சுவரைப் பார்த்தபோது மட்டும் கேமராக் கதை வாய்க்கு வந்துவிட்டது.

அடுத்தது நாற்காலி. கணவன் உட்கார்ந்திருப்பான், மனைவி பக்கத்தில் நாற்காலியின் மேல் கைவைத்து நிற்பாள், இது ஆணாதிக்கத்தின் அடையாளம் என்று கொஞ்சம் குரலை உயர்த்தியே சொல்லியிருந்தேன். அது பெரும்பாலும் சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஒருவர் தன் தாத்தா பாட்டி படத்தின் நகலை அனுப்பியிருக்கிறார், அதில் பாட்டி ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார், தாத்தா நிற்கிறார். பின்னால் ஒரே ஒரு வரி: "தாத்தா குள்ளம் சார்." அதற்கு மேல் நான் என்ன ஆராய்ச்சி செய்ய?

இப்போது சொல்லப்போகும் கடிதத்தை இரண்டு நாள் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டுடியோ கோட்டைப் பற்றிக் கிண்டலாகப் பேசியிருந்தேன். ஞாபகம் இருக்கிறவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு ஸ்டுடியோவிலும் ஆணியில் ஒரு கோட்டு தொங்கும், கூடவே ஒரு டை, முகம் பார்க்கும் கண்ணாடி, பவுடர் டப்பா, பல் போன சீப்பு. ஒல்லியானவனுக்கு முதுகுப் பக்கம் பிடித்து ஊசி குத்துவார்கள், குண்டானவனுக்குப் பொத்தானைப் போடாமல் விடுவார்கள். ஒரே கோட்டை ஊரே போட்டுக்கொண்டு ஆளாளுக்கு கலெக்டர் மாதிரி போஸ் கொடுத்தார்கள் என்று சொல்லி நான் சிரித்தேன், பதிவு செய்த தம்பியும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரித்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதுகிறார்: "என் தாத்தாவும் அந்தக் கோட்டைப் போட்டவர்தான். எங்கள் ஊர்த் தெருவில் அவர் தோளில் துண்டு போட்டு நடக்க முடியாது, எடுத்து அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். டவுன் ஸ்டுடியோவில் எட்டணா கூலிக்காரனையும் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். படத்தில் அவர் காலில் ஷூ இருக்கிறது. இரண்டும் இடது கால் ஷூ என்று அப்பா சொல்வார், அது படத்தில் தெரியாது." அந்தப் படத்தைப் பல வருஷம் சுவரில் மாட்டவில்லையாம். மேலத்தெருக்காரர்கள் யாராவது எட்டிப் பார்த்துவிட்டால் வம்பு என்று தகரப்பெட்டிக்குள் வேட்டி மடிப்பில் வைத்திருந்திருக்கிறார்கள். காலனியில் கான்கிரீட் வீடு வந்த பிறகுதான் அதற்கு ஆணி அடித்தார்கள். இப்போது அதற்குப் பக்கத்தில் அம்பேத்கர் படம் இருக்கிறது, அவரும் கோட்டு.

அம்பேத்கர் சிலைகளை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் நீலக் கோட்டு, கையில் புத்தகம், நீட்டிய விரல். வேட்டி கட்டிய காந்தியையும் கோட்டுப் போட்ட அம்பேத்கரையும் ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் நிறைய உண்டு. மேலே சட்டை போடாமல் இருப்பதற்கு ஒருவருக்கு உரிமை இருக்கிறது, சட்டை போடவே இன்னொருவருக்கு உரிமை இல்லாத ஊரில் கோட்டுக்கு வேறு அர்த்தம் வந்துவிடும். தமிழ்நாட்டில் அந்தச் சிலைகளில் பலவற்றைச் சுற்றி இரும்புக் கூண்டு போட்டு வைத்திருக்கிறோம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தகரப்பெட்டிக்குள் ஒளித்து வைத்த படமும் கூண்டுக்குள் நிற்கிற சிலையும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன. நான் கிண்டல் செய்ததற்கு அந்த நண்பரிடம் கடிதத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், இங்கேயும் கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம், சாமி படங்களை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று ஏழெட்டுப் பேர் கேட்டிருக்கிறார்கள், ஒருவர் கோபமாகவே. நேரம் போதவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் அதிலும் நல்ல கதை இருக்கிறது. அச்சடித்த சாமி படம் என்றால் எல்லோரும் ரவி வர்மாவிடம் போவார்கள், 1894இல் அவர் பம்பாயில் அச்சகம் தொடங்கினார், அது சரி. எனக்குப் பிடித்த கதை சிவகாசிக் கதை. 1899இல் அந்த ஊர்ச் சிவன் கோயிலுக்குள் நாடார்கள் நுழையலாமா கூடாதா என்ற தகராறு பெரிய கலவரமாக வெடித்தது. பக்கத்துக் கமுதியில் கோயில் நுழைவு வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பானது. 1922இல் அதே சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்று இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும், அச்சகம் வந்த பிறகு காலண்டர் வந்தது, காலண்டரில் சாமி வந்தது. கோயிலுக்குள் விடமாட்டேன் என்று சொன்ன ஊரிலிருந்து மீனாட்சியும் முருகனும் கட்டுக்கட்டாக லாரி ஏறி, எந்தத் தெரு என்ன சாதி என்று கேட்காமல், மளிகைக் கடையில் தீபாவளிச் சாமான் வாங்கினவன் வீட்டுக்கெல்லாம் போனார்கள். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, வியாபாரம்தான்.

அந்தக் காலண்டர் சாமிகள் நம்மை நேராகப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கோவில்பட்டியில் இருந்து படம் வரைந்த கொண்டையராஜு இதில் பெரிய கை. நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்தவர். நாடகத்தில் கடைசி வரிசைக்காரனுக்கும் தெரியவேண்டும் அல்லவா, அந்தப் பழக்கம் காலண்டரிலும் இருக்கிறது, பின்னால் மலை, அருவி, கோபுரம், முன்னால் உங்களையே பார்க்கிற முகம். ஸ்டுடியோக்களில் படிக்கட்டும் தூணும் நிலாவும் வரைந்து தொங்கவிட்ட சீனரித் திரைகளும் அதே கைவரிசைதான். ஆகவே சுவரில் தாத்தாவும் சாமியும் ஒரே மாதிரி விறைப்பாக, ஒரே மாதிரி நேராகப் பார்க்கிறார்கள் என்றால் அதில் ஆச்சரியமில்லை. நாமும் இருவருக்கும் ஒரே மாலையைத்தான் போடுகிறோம். ஒரு சின்ன வித்தியாசம், தாத்தாவுக்குப் பிளாஸ்டிக் மாலை, வருஷத்துக்கு ஒரு தடவை கழுவிக்கொள்ளலாம்.

கோட்டுக் கடிதத்துக்கு இன்னொரு காரணத்துக்காகவும் திரும்பி வருகிறேன். நேராகப் பார்க்கிற முகம் எல்லாமே மரியாதைக்காக எடுத்ததாக இருக்காது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை 1885 முதல் நடத்திய எட்கர் தர்ஸ்டன், அளவுக்கருவியை வைத்துக்கொண்டு மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து படமும் எடுத்துத் தொகுத்தார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் வந்த அவருடைய ஏழு தொகுதிகளை இன்றைக்கும் எடுத்துப் பார்க்கிறோம். அந்தப் படங்களில் இருப்பவர்களுக்குச் சாதிப் பெயர் இருக்கும், சொந்தப் பெயர் அநேகமாக இருக்காது. அதற்கும் முன்னால், 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த படங்கள் இருக்கின்றன. எலும்பும் தோலுமான மனிதர்களை, குடும்பப் படத்துக்கு உட்கார வைப்பது போல வரிசையாக உட்கார வைத்து எடுத்திருக்கிறார். உட்கார முடியாதவர்கள் முன்னால் படுத்திருப்பார்கள். நான் வகுப்பில் ஒரே ஒரு தடவை அதைக் காட்டினேன், அதற்குப் பிறகு காட்டவில்லை. கோட்டுப் போட்ட தாத்தா, தானே காசு கொடுத்து, எந்தத் திரை வேண்டும் என்று தானே சொல்லி உட்கார்ந்தவர். அந்த வித்தியாசம் படத்துக்குள் தெரியாது, யாராவது வீட்டுக்காரர் சொன்னால்தான் உண்டு.

கடைசியாக ஒரு பெண் எழுதிய கடிதம். அவருடைய அம்மாவுக்கு வாழ்நாளில் யாரும் படம் எடுத்ததில்லை, அரசாங்கத்தைத் தவிர. சேஷன் தேர்தல் ஆணையராக இருந்தபோது 1993இல் உத்தரவான வாக்காளர் அட்டை, அதற்காகப் பள்ளிக்கூடத் திண்ணையில் வரிசையில் நிற்க வைத்து எடுத்த ஒரே படம். அம்மா இறந்ததும் பதினாறாம் நாளுக்குப் படம் வேண்டும் என்று அண்ணன் அந்த அட்டையை ஸ்டுடியோவுக்குக் கொண்டு போயிருக்கிறார். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர்தானே, முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, வேறு யாருடைய உடம்பிலோ பட்டுச் சேலையோடு ஒட்டி, பின்னால் நீல வானம் போட்டு, "என்ன கலர் சேலை வேண்டும்?" என்று கேட்டார்களாம். அண்ணன் அரக்கு என்றிருக்கிறார். "அம்மா பட்டே கட்டினதில்லை, கழுத்தில் கிடக்கும் சங்கிலியும் எங்களுடையது இல்லை, இதைக் கும்பிடலாமா நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார்.

ஸ்டுடியோ கோட்டைப் பற்றி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன், அரக்குப் பட்டைப் பற்றி என்ன சொல்வது? இரவல் கோட்டு தாத்தா தானே கேட்டுப் போட்டது, இரவல் பட்டு மகன் ஆசைப்பட்டுப் போட்டுவிட்டது. அண்ணனுக்கும் ஒரு கணக்கு இருந்திருக்கும், அம்மாவுக்குப் பட்டு எடுத்துக் கொடுக்க முடியாமல் போன கணக்கு. அதனால் தீர்ப்பு எதுவும் எழுதாமல், அந்தப் படம் இப்போது எங்கே மாட்டியிருக்கிறது என்று மட்டும் கேட்டு ஒரு கார்டு போட்டேன். போன வாரம் பதில் வந்தது. பட்டுச் சேலைப் படம் அண்ணன் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது, தினமும் சீரியல் பல்பு எரிகிறது. இவர் தன் வீட்டில் அந்த வாக்காளர் அட்டையையே சின்னதாகச் சட்டம் போட்டு அடுப்படிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். தேர்தல் பட்டியலில் பேரை நீக்க வேண்டும், அட்டையைக் கொடு என்று அண்ணன் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாராம். "இறப்புச் சான்றிதழைக் கொடுத்து எடுத்துக்கொள், அட்டையைக் கேட்காதே என்று சொல்லிவிட்டேன். பேர் போய்விட்டது, அம்மா இங்கேதான் இருக்கிறாள்" என்று எழுதியிருக்கிறார். வணக்கம்.