சுழற்றாமல் விந்தணுவைப் பிரிக்கும் சிப்

வணக்கம். என் விரல் நுனியில் கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கிறதே, இதுதான் மைக்ரோஃப்ளூயிடிக் சிப். கொஞ்சம் வெளிச்சத்தில் சாய்க்கிறேன். நடுவில் ஒரு கோடு தெரிகிறதா? அது கீறல் இல்லை, வாய்க்கால். தலைமுடிப் பருமன்தான் இருக்கும். விந்தணுக்களை இதில் நீந்த விட்டுத்தான் நல்லதைப் பிரித்தெடுக்கிறார்கள்.

செயற்கைக் கருத்தரிப்புக்கு எடுக்கும் விந்தில் அசையாதவை, இறந்தவை, வெள்ளையணுக்கள் எல்லாம் கலந்தே இருக்கும். வழக்கமாக சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிப் பிரிப்பார்கள். அதில் பிறந்த குழந்தைகள் ஏராளம், அந்த முறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சுழலும்போது அணுக்கள் அடியில் நெருக்கியடித்துச் சேரும். அப்போது உண்டாகும் ஆக்சிஜன் வேதிப்பொருள்கள் டிஎன்ஏவை உடைக்கக்கூடும். விந்தணு முட்டைக்குக் கொண்டுபோவதே அந்த டிஎன்ஏவைத்தானே!

சரி, சிப்புக்கு வருவோம். வாளித் தண்ணீரில் மை விட்டுக் கலக்கினால் நொடியில் கலந்துவிடும். இவ்வளவு குறுகலான வாய்க்காலில் அப்படிக் கலக்காது. இரண்டு திரவங்கள் பக்கத்துப் பக்கத்தில் அவரவர் பாதையில் ஓடும். ஒரு பக்கம் விந்து, மறுபக்கம் விந்தணுக்களுக்கு ஏற்ற சுத்தமான திரவம். நீந்தத் தெம்பு உள்ள அணு தானாகக் குறுக்கே கடந்து வரும், மற்றவை ஓட்டத்தோடு போய்விடும். முதல்முறை மைக்ரோஸ்கோப்பில் ஓர் அணு அந்த எல்லையைத் தாண்டியதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொரு வகை சிப்பில் 8 மைக்ரான் துளைகள் உள்ள சவ்வு இருக்கும் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). விந்தணுத் தலை சுமார் 5 மைக்ரான் நீளம், 3 மைக்ரான் அகலம். சவ்வுக்குக் கீழே விந்தை விட்டு, துளை வழியே நீந்தி மேலே வருவதை மட்டும் எடுப்பார்கள், அரைமணி நேரம் போதும்.

யாராவது உங்களுக்கு இதைப் பரிந்துரைத்தால், 'எனக்கு ஏன்?' என்று தயங்காமல் கேளுங்கள். டிஎன்ஏ உடைசல் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குழந்தை பிறக்கும் விகிதம் கூடுவதில் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை.

அப்புறம், விந்தில் அணுவே இல்லாதவர்கள். அவர்களுக்கு விரைத் திசுவை எடுத்து, ரத்த அணுக்களுக்கு நடுவே மணிக்கணக்கில் தேடுவார்கள். கிடைக்கும் அணு பெரும்பாலும் நீந்தாது, ஆகவே நீந்த வைத்துப் பிரிக்கும் சிப் உதவாது. சுருள் வடிவ வாய்க்காலில் வேகமாக ஓடவிட்டால், அளவுக்கேற்ப அணுக்கள் தனித்தனித் தடத்தில் ஒதுங்கும். இது இன்னும் பெரும்பாலும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. நான் ஆவலோடு காத்திருப்பது இதற்குத்தான். கண் எரிய எரியத் தேடுகிறவருக்கும், வெளியே நாற்காலியில் காத்திருக்கும் தம்பதிக்கும் அந்த நேரம் குறையும்.