வெளியே உட்கார்ந்திருப்பவன்

பெரியவர்களே, தாய்மார்களே, முழங்காலில் மண் ஒட்டியபடி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, வணக்கம்.

காலையிலிருந்து கவனித்துக்கொண்டிருக்கிறேன். கபடிக் களத்தில் இறங்கும்போது எல்லாப் பையன்களும் கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். சென்னிமலைப் பையன்கள் முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். எதிரே ஆடிய சிவன்மலைப் பையன்களும் முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தார்கள். பக்தர் கனவில் வந்து, கோயிலில் இருக்கும் உத்தரவுப் பெட்டியில் இன்ன பொருளை வை என்று சொல்லுகிறவர் சிவன்மலை ஆண்டவர். இன்ன அணி ஜெயிக்கட்டும் என்று அவர் உத்தரவு கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இரண்டு மலையும் அவருடையவை. அவரை ஏன் சங்கடத்தில் மாட்டிவிடுகிறீர்கள்? பக்கத்தில் நிற்கிறவன் கையை நான் விடாமல் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். அதை இரண்டு அணிக்கும் அவரால் கொடுக்க முடியும்.

கார்னரில், அதாவது களத்தின் ஓரத்தில் நிற்பவன், "கபடி கபடி" என்று பாடி வருகிறவனின் காலுக்குப் பாய்கிறானே, எதை நம்பிப் பாய்கிறான்? தன் பிடி நழுவினாலும் உள்பக்கம் கவரில் நிற்பவன் வந்து முட்டுவான் என்று நம்பித்தான். அந்த நம்பிக்கை இல்லாதவன் அரை மனதாகக் கை நீட்டுவான். வந்தவன் அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். பாவில் ஓர் இழை அறுந்தால் தறி என்ன ஆகும் என்று இங்கே பாதிப் பேருக்கு வீட்டிலேயே தெரியும், நான் நீட்டவில்லை.

எனக்குக் கபடியில் மிகவும் பிடித்த இடம் களத்துக்கு வெளியே இருக்கிறது. அவுட் ஆனவர்கள் வரிசையாக உட்காரும் இடம். கிரிக்கெட்டில் அவுட் ஆனவன் அந்த இன்னிங்ஸில் மறுபடி மட்டையைத் தொட முடியாது. கபடியில் திரும்பி வரலாம், ஆனால் தானாக வர முடியாது. உள்ளே இருப்பவன் எதிரணியில் ஒருவனை அவுட் ஆக்கினால்தான் வெளியே இருப்பவன் ஒருவன் எழுந்து வருவான். அதுவும் அவுட் ஆன வரிசைப்படிதான். கெட்டிக்காரன் என்று யாரையும் முன்னால் கூப்பிட முடியாது.

எதிரணிப் பக்கத்தில் உள்ளே தள்ளிப் போட்டிருக்கும் போனஸ் கோட்டைத் தாண்டினாலும் புள்ளி உண்டு. ஆனால் அந்தப் புள்ளி வெளியே இருக்கும் ஒருவனையும் எழுப்பாது. இந்த விதியை வகுத்தவர்கள் மனிதனை நன்றாகப் படித்தவர்கள்.

கிரிக்கெட் வீரர் சின்னப்பம்பட்டி நடராஜன் 2020-இல் ஆஸ்திரேலியப் பயணத்துக்கு முதலில் வலைப்பயிற்சியில் பந்து போடத்தான் தேர்வானார். அணியில் இருந்தவர்கள் காயம்பட்டு ஒவ்வொருவராக விலக, அந்த ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக முதன்முறையாக இறங்கினார். அந்த நாளில் பந்தைக் கையில் வாங்கியபோது அவர் தயாராக இருந்தார். வெளியே இருக்கும்போது மொபைலைப் பார்க்கிற தம்பிகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

என் கதை இவ்வளவு அழகானதல்ல. பத்தாம் வகுப்பில் ஓர் இறுதி ஆட்டம். எங்களில் மூன்று பேர் வெளியே. எதிரே ஏழு பேரும் நிற்கிறார்கள். நான் பாடிப் போய்ப் போனஸ் எடுத்துத் திரும்பினேன். கைதட்டல் வானைப் பிளந்தது. அடுத்த முறையும் போனஸ், மறுபடி கைதட்டல். பலகையில் இரண்டு புள்ளி ஏறியது. களத்தில் ஓர் ஆள் கூடவில்லை. எங்கள் கார்னர்காரன் வெளியே உட்கார்ந்து குச்சியால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான். மூன்றாம் முறை நான் பிடிபட்டேன். மீதி மூன்று பேர் எவ்வளவு நேரம் தாங்குவார்கள்? ஆல் அவுட், கோப்பையும் போனது.

பிடிபட்டு வெளியே வந்தபோது வரிசையில் நான் நான்காவது ஆள். கார்னர்காரன் திட்டவில்லை, தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தான். அன்றே திட்டியிருந்தால் கணக்கு முடிந்திருக்கும். இப்போது அவனுக்கும் எனக்கும் தலை நரைத்துவிட்டது. சந்தையிலும் தேர்த்திருவிழாக் கூட்டத்திலும், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டார் யார் பக்கத்தில் நின்றாலும், அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "வாப்பா போனஸ்" என்றுதான் கூப்பிடுகிறான்.