சங்கீதம் 91 இருக்கும்போது யாக்கோபு ஏன் வெட்டப்பட்டார்?

அடுத்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "ஐயா, கர்த்தர் ஆபத்துல காப்பார்னு சொல்ற சங்கீதம் 91-ஐ வீட்ல தினமும் சொல்லித்தான் ஜெபிக்கிறோம். எங்க சபையில வைராக்கியமா ஊழியம் செஞ்ச ஒரு தம்பி விபத்துல இறந்துட்டார். கர்த்தர் அவரைப் பாதுகாக்கலையா?"

அப்போஸ்தலர் 12-ம் அதிகாரத்தைத் திருப்புங்க. ஏரோது ராஜா, இயேசுவோட சீஷரான, யோவானோட சகோதரன் யாக்கோபைப் பட்டயத்தால கொன்னுட்டான். ஒரே வசனம், அவ்வளவுதான். அடுத்து இன்னொரு சீஷரான பேதுருவைப் பிடிக்கிறான். நாலு நாலு பேரா நாலு வகுப்பு, 16 சேவகர் காவல். ரெண்டு சங்கிலி, ரெண்டு பக்கமும் ஆள். விடிஞ்சா வெளியே இழுத்துட்டுப் போகப்போறாங்க, மனுஷன் தூங்குறார்! அறையில வெளிச்சம் வந்தும் எழும்பல, தூதன் விலாவுல தட்டி எழுப்பவேண்டியிருக்கு. சங்கிலி கழண்டு விழுது, இருப்புக்கதவு தானாத் திறக்குது.

சரி, யாக்கோபுக்கு ஏன் தூதன் வரல? விசுவாசம் கம்மியா? ஆண்டவர் இயேசு மகிமையில மறுரூபமான மலைக்கு அவர் கூட்டிட்டுப் போன மூணு பேர்ல யாக்கோபும் ஒருத்தர். பேதுருவுக்காக ஜெபிச்ச சபைக்கு மட்டும் மலை மாதிரி விசுவாசமா? பேதுரு வாசல்ல நிக்கிறார்னு ரோதைங்கிற பொண்ணு ஓடிவந்து சொன்னா, "நீ பிதற்றுகிறாய்"ன்னாங்க! விசுவாசத்தை அளந்து யாரு பிழைப்பா, யாரு சாவான்னு சொல்லவே முடியாதுங்க.

ஏரோதோட பட்டயம் ஆண்டவருக்குத் தெரியாம வந்துடல. "நான் குடிக்கும் பாத்திரத்தில் நீங்கள் குடிப்பீர்கள்"னு யாக்கோபுகிட்டயும் யோவான்கிட்டயும் முன்னாடியே சொல்லிட்டார். மாற்கு 10, வாசிச்சுப் பாருங்க. லூக்கா 21 இன்னும் ஆச்சரியம். 16-ம் வசனத்துல, உங்கள்ல சிலரைக் கொலை செய்வாங்கன்னு சொல்றார். 18-ல, "உங்கள் தலைமயிரில் ஒன்றாகிலும் அழியாது"ங்கிறார். ரெண்டும் அதே வாய்தான்! அப்ப அவர் சொல்ற பாதுகாப்பு இந்தச் சரீரத்தோட நின்னுபோறது இல்ல. பேதுருவை வெளியே கொண்டுவந்த கைக்குள்ளதான் யாக்கோபும் இருந்தார். அந்தக் கையிலிருந்து ஒருத்தனும் பறிக்கமுடியாதுன்னு யோவான் 10 சொல்லுது.

அப்ப 91-ஐ விட்டுடலாமா? வேண்டாம்மா, சொல்லுங்க. ஆனா அந்தச் சங்கீதத்தைக் காட்டித்தான் பிசாசு, தேவாலயத்து உப்பரிகையில நிறுத்தி, ஆண்டவரைக் குதிக்கச் சொன்னான். அதே மாதிரி ஹெல்மெட் இல்லாம 91-ஐச் சொல்லிட்டு வண்டி எடுக்கிறவங்க இருக்காங்க. அந்தத் தம்பியைச் சொல்லல, பொதுவா சொல்றேன்.

ஒண்ணு மட்டும். அந்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனா, "இன்னும் கொஞ்சம் ஜெபிச்சிருக்கலாம்"னு பெத்தவங்ககிட்ட சொல்லிடாதீங்க. யாராவது சொல்லியிருந்தா, உங்க போதகர் அவங்களைக் கூப்பிட்டுத் திருத்தணும்.