எந்தத் துறையில் ஆழமாக இறங்குவது? வேலையில் இருக்கும் எடிட்டர்களுக்கு

வணக்கம். இன்றைக்கு எடிட்டிங் வேலையில் ஏற்கெனவே இருப்பவர்களுக்காகப் பேசுகிறேன். வீடியோ எடிட்டிங் இல்லை, எழுத்துப் பிரதியைத் திருத்தும் எடிட்டிங். புதியவர்களும் பார்க்கலாம், ஆனால் அடிப்படைகளை விளக்க நான் நிற்கப்போவதில்லை.

கொஞ்ச காலம் எல்லா வகைப் பிரதிகளையும் பார்த்த பிறகு, ஏதாவது ஒன்றில் ஆழமாகப் போகலாம் என்று தோன்றும். எதில்? "நீங்கள் கல்லூரியில் படித்தது எதுவோ அதில்" என்பதுதான் வழக்கமான பதில். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. பாடம் தெரிந்தால் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் பாடம் பிரதியை எழுதிய ஆசிரியருக்கே தெரியும். அந்தத் துறையில் எந்தப் பிழை ஆபத்தானது, அது பிரதியில் எங்கே ஒளிந்திருக்கும் என்று கண்டுபிடிக்கத்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள்.

மருத்துவப் பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலக் கட்டுரைகளில் மைக்ரோகிராமைக் குறிக்க மியூ என்ற கிரேக்க எழுத்தைப் போடுவார்கள். எழுத்துரு மாறும்போது சில நேரம் அது 'எம்' ஆகிவிடும். அவ்வளவுதான், மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகிவிட்டது. மருந்தின் அளவு 1000 மடங்கு! ஸ்பெல்செக் வாயே திறக்காது, ஏனென்றால் இரண்டுமே சரியான அலகுகள்.

அடுத்து சதவீதம். ஒரு பக்கவிளைவு 4 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகிறது. "2 சதவீதம் கூடியது" என்று எழுதினால் தவறு. கூடியது 2 சதவீதப் புள்ளி. பழைய அளவோடு ஒப்பிட்டால் 50 சதவீத உயர்வு. இந்த இரண்டும் கணக்கில் சரி, படிப்பவருக்கு வரும் பயம்தான் வேறு. ஆசிரியர் கட்டுரைச் சுருக்கத்தில் 50-ஐ மட்டும் போட்டிருந்தால், "அடிப்படை எண்ணையும் சேர்க்கலாமா?" என்று ஓரத்தில் ஒரு கேள்வி எழுதத் தெரிய வேண்டும். அப்புறம் சுருக்கத்தில் உள்ள எண்ணும் அட்டவணையில் உள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். மருந்துச் சோதனைக் கட்டுரையில் என்னென்ன சொல்லப்பட வேண்டும் என்பதற்கு 1996-இல் வந்த கன்சார்ட் என்ற சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது. 2025-இல் அதைப் புதுப்பித்திருக்கிறார்கள். இலவசமாகவே கிடைக்கும். மருத்துவப் பக்கம் போகிறவர்கள் முதலில் அதைப் படியுங்கள், கோர்ஸெல்லாம் பிறகு பார்க்கலாம்.

ஒப்பந்தங்களில் கதை வேறு. நாவல் எடிட்டருக்கு ஒரே சொல் மூன்று வரியில் மூன்று தடவை வந்தால் கை துறுதுறுக்கும். ஒப்பந்தத்தில் அந்தக் கையைக் கட்டிப்போட வேண்டும். 'வாடகைதாரர்' என்று வரையறுத்துவிட்டு அடுத்த பத்தியில் அழகுக்காக 'குடியிருப்பவர்' என்று மாற்றினால், அது வேறு ஓர் ஆளா என்று வக்கீல் கேட்பார். ஒரு துறையில் திறமையாகக் கருதப்படுவது இன்னொன்றில் குற்றம்.

சரி, பயிற்சி. வீடியோ பார்த்து முடித்ததும் சான்றிதழ் தரும் கோர்ஸ்கள் மீது எனக்குப் பெரிய மதிப்பு இல்லை. நீங்கள் திருத்திய பயிற்சிப் பிரதியை அனுபவமுள்ள ஒருவர் வரிவரியாகப் பார்த்து, "இதை ஏன் தொட்டீர்கள், அதை ஏன் விட்டீர்கள்?" என்று கேட்கிற கோர்ஸுக்கே பணம் கட்டுங்கள். தேவையில்லாமல் தொட்டதைச் சுட்டிக்காட்ட வேறு யாரும் கிடைக்க மாட்டார்கள். பிரிட்டனில் 1988-இல் தொடங்கி 2020-இல் அரச சாசனம் உள்ள நிறுவனமாக மாறிய எடிட்டர்கள் சங்கத்தில், பயிற்சியும் வேலை அனுபவமும் காட்டினால்தான் உறுப்பினர் நிலை உயரும். உயிர் அறிவியல் எடிட்டர்களுக்கு 1991-இல் தொடங்கிய பெல்ஸ் அமைப்பு தேர்வு நடத்துகிறது. வாடிக்கையாளர்கள் இந்தத் தகுதிகளைக் கேட்கும் துறை என்றால் அவற்றைப் பெற முயலுங்கள். நாவல் பக்கம் யாரும் கேட்பதில்லை, அங்கே முன்பு செய்த வேலைதான் பேசும்.

ஒரே துறை என்றால் வேலை வறண்டுவிடாதா என்ற பயம் நியாயமானது. அதனால் பழைய வாடிக்கையாளர்களை ஒரேயடியாக விடாதீர்கள். ஒரு துறையை ஆழமாக எடுத்து, பக்கத்தில் ஒட்டிய ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவக் கட்டுரைக்குப் பக்கத்தில் நோயாளிகளுக்கான கையேடு, நிதி அறிக்கைக்குப் பக்கத்தில் பொருளாதார நூல்கள், இப்படி. ஒன்றில் கற்றது மற்றதில் அப்படியே பயன்படும்.

எங்கே தொடங்குவது என்று இன்னும் குழப்பமாக இருந்தால், முடித்துக் கொடுத்த பிரதிகளைத் திறந்து, ஆசிரியர்களிடம் நீங்கள் கேட்ட கேள்விகளை மட்டும் படியுங்கள். எந்த வகைப் பிரதியில் உங்கள் கேள்விகளால் விஷயமே மாறியிருக்கிறது, எதில் வெறும் காற்புள்ளி பற்றியே கேட்டிருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். முதல் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விகளை எழுதும் முறைக்கே ஒரு தனி வீடியோ வேண்டும், அடுத்து அதைப் போடுகிறேன்.