வாரத்துக்கு இரண்டு பேர் போதும்

கடைசி வருடப் பிள்ளைகளே, லிங்க்ட்இன்னில் ஐந்நூறு பேரைச் சேர்த்துவிட்டால் வேலை தேடி வரும் என்று உங்களில் பலர் நம்புகிறீர்கள். ராத்திரி உட்கார்ந்து, கண்ணில் பட்டவருக்கெல்லாம் ரிக்வெஸ்ட் அனுப்புகிறீர்கள். நான் கேட்பது ஒன்றுதான்: வாரத்துக்கு இரண்டு பேர் போதும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-ல் ஒரு விவரம் வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம், அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி பார்ப்பவரால் வேலை கிடைத்தது 16.7 சதவீதம் பேருக்குத்தான். எப்போதாவது பார்ப்பவரால் கிடைத்தது 55.6. யோசித்தால் புரியும். ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில்காரனுக்குத் தெரிந்த காலியிடம் உங்களுக்கும் தெரியும். மூன்று வருடம் முன்னால் படித்துப் போன சீனியருக்குத் தெரிவது வேறு. ஆனால் அவரும் பழகியவர்தான், முன்பின் தெரியாதவர் இல்லை.

அதனால் சீனியரிடமிருந்து தொடங்குங்கள். "வேலை இருந்தால் சொல்லுங்கள் சார்" என்று எழுதினால் அவர் என்ன பதில் சொல்வார், பாவம்? "அண்ணா, நம்ம காலேஜ்லதான் எம்பெடெட் ப்ராஜெக்ட் பண்றேன். டெஸ்டிங்குக்கு உங்க டீம்ல எதைப் பயன்படுத்துறீங்க?" என்று கேளுங்கள். இரண்டு வரியில் பதில் வரும். ப்ராஜெக்ட் முடிந்ததும் என்ன ஆயிற்று என்று அவருக்குச் சொல்லுங்கள். பழக்கம் அப்படித்தான் ஊறும்.

அவசரப்படுகிறவனைத்தான் மோசடிக்காரன் தேடுகிறான். தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று ஆசைகாட்டி, ஐடி தெரிந்த இளைஞர்களை மியான்மருக்குக் கடத்துகிறார்கள் என்று 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரித்தது. சிக்கியவர்களில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

முகம் தெரியாத ஒருவர் வேலை தருகிறேன் என்றால், அவருடைய கணக்கு எந்த மாதம் தொடங்கியது என்று பாருங்கள். ப்ரொஃபைலிலேயே அது இருக்கும். அப்புறம் அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். ரிஜிஸ்ட்ரேஷன், லேப்டாப் டெபாசிட் என்று பணம் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். கட்டிவிட்டீர்களா? வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் கைமாறுவதற்குள் முடக்க வழி உண்டு.

சரி, உங்கள் ரெஸ்யூமைத் திறந்து பாருங்கள். அப்பா பெயர், கதவு எண், பிறந்த தேதி எல்லாம் அதில் இருக்கிறது. பொதுவில் ஏற்றுவது மோசடிக்காரன் கண்ணிலும் படும்; அந்தப் பிரதிக்கு ஊர்ப் பெயரும் மின்னஞ்சலும் போதும். இன்று ராத்திரி மற்றதை எடுத்துவிடுங்கள்.