கைக்கு மட்டும் தெரிந்த பாடம்

நேயர்களுக்கு வணக்கம்.

உளவியல் முதலாண்டுப் பாடத்தில் நடத்தையின் உயிரியல் அடிப்படை என்று ஒரு பகுதி வரும். மாணவர்கள் பலர் அதைக் கண்டாலே அலுத்துக்கொள்வார்கள். மனதைப் பற்றிப் படிக்க வந்தால் மூளையைப் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்கிறார்களே என்று கேட்பார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஹென்றி மொலைசன் என்ற மனிதரின் கதையைத்தான்.

ஹென்றி 1926-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே வலிப்பு வந்துவிட்டது. வளர வளர அது முற்றியது, மருந்துக்கு அடங்கவில்லை, வேலைக்குப் போவதே முடியாத நிலை. 1953-இல், அவருடைய 27-ஆம் வயதில், வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவருக்கு மூளையில் அறுவை செய்தார். காதுக்கு உட்புறம் ஆழத்தில், இரண்டு பக்கமும் இருக்கிற ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கையும், அதை ஒட்டிய திசுக்களையும் எடுத்துவிட்டார். அது என்ன வேலை செய்கிறது என்று அன்றைக்கு யாருக்கும் சரியாகத் தெரியாது. வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த ஏறக்குறைய எதுவுமே ஹென்றியின் மனதில் தங்கவில்லை.

அறிவு மங்கவில்லை. பேச்சு, பண்பு, இளமைக்கால நினைவுகள் எல்லாம் இருந்தன. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் மான்ட்ரியாலிலிருந்து ரயிலேறி வந்து அவரைச் சோதித்தார். ஒருமுறை 584 என்ற எண்ணைச் சொல்லி, ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். கால் மணி நேரம் கழித்துக் கேட்டபோது ஹென்றி சரியாகச் சொல்லிவிட்டார். எப்படி முடிந்தது? ஐந்து, எட்டு, நான்கு, கூட்டினால் பதினேழு. அதில் எட்டைக் கழித்தால் ஒன்பது. ஒன்பதைப் பிரித்தால் ஐந்தும் நான்கும். இதையே விடாமல் உள்ளுக்குள் உருப்போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அப்புறம் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. எண் போயிற்று. அப்படி ஓர் எண்ணைச் சொன்னார்கள் என்பதும் சேர்ந்தே போயிற்று.

அவருக்குப் பிரியமான உறவினர் ஒருவர் இறந்தார். செய்தியைச் சொன்னதும் கலங்கிப்போனார். பிறகு அதையும் மறந்து, அவர் எப்போது வருவார் என்று கேட்பார். மறுபடி சொன்னால், முதல்முறை கேட்பது போலவே மறுபடி துக்கம். ஒரு துக்கம் ஆற வேண்டுமென்றால்கூட அது நினைவில் இருக்க வேண்டும் போலிருக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடத்தில் மனம் கனத்துப்போகும்.

சரி, முக்கியமான சோதனைக்கு வருகிறேன். ஒரு தாளில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு நட்சத்திரங்கள். இரண்டு கோடுகளுக்கும் இடையில் பென்சிலை ஓட்ட வேண்டும். ஆனால் கையை நேரே பார்க்க முடியாதபடி மறைத்திருப்பார்கள். எதிரே உள்ள கண்ணாடியைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். மூலை திரும்பும் இடத்தில் கை எதிர்ப்பக்கம் இழுக்கும், கோடு தாண்டும், பென்சில் அங்கேயே நின்று தடுமாறும். பழகப் பழகத்தான் சரிப்படும். ஹென்றியும் முதல் நாள் தடுமாறினார். இரண்டாம் நாள் தவறுகள் குறைந்தன. மூன்றாம் நாள் அநாயாசமாக வரைந்தார். இதற்கு முன்னால் இதைச் செய்து பார்த்த ஞாபகம் மட்டும் அவருக்குத் துளியும் இல்லை!

அதாவது, ஹென்றி கற்றுக்கொண்டது ஹென்றிக்கே தெரியாது. அந்தக் காலத்தில் கார்ல் லாஷ்லி போன்ற பெரிய ஆய்வாளர்கள், நினைவுக்கென்று மூளையில் தனி இடம் கிடையாது என்று கருதினார்கள். அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. நடந்ததை நடந்தபடி சொல்கிற நினைவு உருவாக ஹிப்போகாம்பஸ் வேண்டும். நீச்சல், சைக்கிள், தட்டச்சு போன்ற பழக்கங்களைச் சிறுமூளையும் பேசல் கேங்க்லியா என்ற ஆழ்பகுதியும் பார்த்துக்கொள்கின்றன. நினைவு என்று நாம் ஒருமையில் சொல்வது மூளைக்குள் பல வேலைகளாகப் பிரிந்து கிடக்கிறது.

இந்த அறுவையை இனி யாரும் செய்யக் கூடாது என்று ஸ்கோவிலே பின்னால் எச்சரித்தார். 2008-இல் இறக்கும் வரை ஹென்றி ஆய்வாளர்களுக்கு முகம் சுளிக்காமல் ஒத்துழைத்தார். அதுவரை உலகம் அவரை எச்.எம். என்ற இரண்டெழுத்தாகத்தான் அறிந்திருந்தது. நாம் அவருக்கு மிகவும் கடன்பட்டிருக்கிறோம்.

ஏனென்றால் இது நம் வீட்டு விஷயமும்கூட. அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்கும் இடங்களில் ஹிப்போகாம்பஸும் அதைச் சுற்றிய பகுதியும் அடங்கும். பாட்டி, "மாத்திரை போட்டேனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். "இப்பத்தானே சொன்னேன்" என்று எரிந்து விழுகிறோம். அதே பாட்டி மல்லிகையும் நாரும் எடுத்து உட்கார்ந்தால் விரல்கள் தானாக முடிச்சுப் போடும். உடனே, "இதெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கே, வேணும்னே பண்றாங்க" என்று சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அவர் நடிக்கவில்லை. இரண்டும் மூளையின் வெவ்வேறு இடங்களைச் சார்ந்தவை. ஒன்று பழுதுபட்டு மற்றொன்று நன்றாக இருக்கலாம். செய்ய முடிகிற வேலைகளைப் பாதுகாப்பாகத் தொடரவிடுங்கள்.

இன்னொன்று. வயதானால் மறதி சகஜம் என்று நீங்களாக முடிவுகட்ட வேண்டாம். தைராய்டு சுரப்புக் குறைவு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகள் ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அதனால் முதலில் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

நன்றி, வணக்கம்.