கடைத்தெருவின் வீட்டுக்காரர்கள்

அவைத் தலைவருக்கும் வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை மாலை, அதுவும் மழை. அப்படியும் இத்தனை பேர் வந்திருப்பதைப் பார்த்தால் கடைத்தெருவில் மறுபடியும் வாடகை ஏறியிருக்கிறது என்று புரிகிறது.

எனக்குக் கொடுத்த தலைப்பு நம் பினாங்கின் தலைநகரான 'ஜார்ஜ்டவுனின் மறுமலர்ச்சி'. நகரம் மலர்ந்துதான் இருக்கிறது, மறுக்கவில்லை. கூரையில் அரசமரம் முளைத்துக் கிடந்த வீடுகள் இன்று பளிச்சென்று நிற்கின்றன. ஆனால் சாயம் அடிப்பதைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் வாடகைச் சீட்டைப் பற்றிப் பேசுகிறேன்.

இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நினைவிருக்கும். 1966-ஆம் ஆண்டுச் சட்டம். 1948-க்கு முன் கட்டிய பழைய கட்டடங்களுக்கானது. வீட்டுக்காரர் இஷ்டத்துக்கு வாடகையை ஏற்ற முடியாது, குடியிருப்பவரைச் சுலபத்தில் எழுப்பவும் முடியாது. வருகிற வாடகை உடைந்த கூரை ஓட்டை மாற்றக்கூடக் காணாது, அதனால் அவர் கட்டடத்தை எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டார். முதன்மை வாடகைக்காரர் பலகைத் தடுப்பு வைத்து மாடியை அறை அறையாக உள்வாடகைக்கு விட்டார். ஒழுகும், இருட்டாக இருக்கும், ஒரு குளியலறைக்கு நாலு குடும்பம் வரிசை நிற்கும். அந்த வாழ்க்கையை நான் புகழவில்லை. இருந்தாலும், ஆளை எழுப்ப முடியாத வீட்டை வாங்கி எந்த மேம்பாட்டாளர் என்ன செய்வார்? பழைய நகரம் இடிபடாமல் தப்பியதற்கு அந்தச் சட்டம் ஒரு பெரிய காரணம். இடித்தே தீருவது என்று முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொம்தார் கோபுரம் இருக்கிறது. 1974-இல் வேலை தொடங்கிய அந்த 65 மாடிக்காகத் தெருத்தெருவாகக் கடைவீடுகள், அதாவது கீழே கடையும் மேலே குடியிருப்புமான வீடுகள், போயின.

1997-இல் சட்டத்தை ரத்துச் செய்தார்கள். அவகாசம் 1999 கடைசியோடு முடிந்தது. 2000 பிறந்ததும் சந்தை வாடகை. பல மடங்கு ஏறியதைக் கட்ட முடியாமல் ஆயர் ஈத்தாம், பாயான் பாரு, கடல் தாண்டிப் பட்டர்வொர்த் என்று குடும்பங்கள் கிளம்பின. கவனியுங்கள், யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மலாக்காவோடு நம் ஊர் சேர்ந்தது 2008 ஜூலை 7-ஆம் தேதி. அதாவது நிறைய ஜனம் போன பிறகுதான் பட்டயம் வந்தது. அதற்குப் பிறகும் நின்றபாடில்லை. பாரம்பரிய மையப் பகுதியில் 2009-இல் பத்தாயிரம் பேர் போலக் குடியிருந்தார்கள், 2013-இல் அது ஒன்பதாயிரத்துச் சொச்சம்.

யுனெஸ்கோ சொன்ன காரணங்களில் ஒன்று, இந்த ஊர் ஆசியாவின் பல பண்பாடுகள் சேர்ந்து வாழ்வதற்கு உயிருள்ள சாட்சி என்பது. நம் கோயில் மணியும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் பாங்கொலியும் ஊதுபத்திப் புகையும் அதில் அடக்கம். ஆனால் விதிகளைப் படித்துப் பாருங்கள், எல்லாம் சுவரைப் பற்றித்தான். பட்டியலில் சேர்ந்த சூட்டோடு நான்கு உயரமான விடுதித் திட்டங்கள் பெரிய விவகாரமாகி, 18 மீட்டர் உயர வரம்பைப் பற்றி ஊரே பேசியது. 2016-இல் இங்கே எதை எப்படிக் கட்டலாம் என்று சொல்லும் சிறப்புப் பகுதித் திட்டம் அரசிதழில் ஏறியது. எல்லாம் நல்லதுதான். பழைய செங்கல் சுவருக்குச் சுண்ணாம்புக்குப் பதில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கி, செங்கல் பொடிந்து போகும். அப்படிப் பூசினால் கேட்க ஆள் உண்டு. மூன்று தலைமுறையாக அதே சுவருக்குள் மளிகை விற்றவரை மாதக் கடைசியில் காலி செய்யச் சொன்னால் கேட்க ஒருவரும் இல்லை.

கணக்கும் எளிதுதான். மேல்மாடியை ஆறு அறையாக்கிச் சுற்றுப்பயணிகளுக்கு விட்டால் வருகிற காசை மசாலா அரைத்து விற்பவரால் கொடுக்க முடியுமா? தனியாரை நான் குறை சொல்லமாட்டேன். கடன் எடுத்து வீட்டை வாங்கியவர், வட்டி கட்ட வேண்டும்.

ஆனால் இந்த ஊரில் வட்டி கட்டத் தேவையில்லாத வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனி 18 ஏக்கர் கொடுத்தது. அது வக்பு, அதாவது அறத்துக்கென்று ஒதுக்கிய சொத்து, அதை விற்க முடியாது. சீனர்களின் கோங்சி என்னும் குலச் சங்கங்களுக்கு வரிசை வரிசையாக வீடுகள். இந்து அறநிலையங்களுக்கு 1906-இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. கோயில் சொத்து, செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கி எல்லாம் இதே தெருக்களில்தான். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படுகிற கோயில் வீடு லெபோ பினாங் தெருவில்தானே இருக்கிறது? ஆக, வாடகை ஏறுகிறது என்று நாம் யாரைப் பார்த்துப் புலம்புகிறோமோ, அந்த வீட்டுக்காரர்களில் நாமும் ஒருவர்.

அறங்காவலர்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். "கூடுதல் வாடகை வந்தால் அன்னதானத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் ஆகுமே." நியாயமான பேச்சு. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் பூக்கட்டுபவரும் பாத்திரக்கடைக்காரரும் பத்தரும் போன பிறகு கோயிலுக்கு மாலை எங்கிருந்து வரும்? பக்கத்திலே குடியிருப்பு இல்லாத கோயிலுக்கு விடியற்காலைப் பூசைக்கு யார் வருவார்கள்? சுற்றுப்பயணியா? அவர் எட்டு மணிக்கு ரொட்டி சானாயை முடித்துக்கொண்டு படம் எடுக்கத்தான் வருவார்.

அதனால் நான் கேட்பது சட்டத்தை அல்ல. பழைய கட்டுப்பாடு திரும்பி வராது, வந்தால் ஓடு மறுபடி ஒழுகும். நம் அமைப்புகள் தங்கள் சொத்துக்களில் செய்யக்கூடியதைக் கேட்கிறேன். மூன்று வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைத் தேசிய நிலச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். அந்தச் சிரமத்துக்காகவே நம்மவர்கள் இரண்டு வருடச் சீட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டு வருடத்தை நம்பி எந்தக் கடைக்காரர் கூரையைப் பழுது பார்ப்பார், எந்த மகன் அப்பா தொழிலுக்கு வருவான்? பத்து வருடக் குத்தகை கொடுங்கள், பதிவு செய்யுங்கள், ஏற்றம் எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். தெருமுனையில் இருக்கும் நல்ல வீட்டைச் சந்தை விலைக்கே விடுங்கள், அந்த வருமானத்தில் தெருவுக்கு உள்ளே இருக்கும் இரண்டு கைத்தொழில்காரர்களின் வாடகையைத் தாங்கலாம். மாடியில் குடும்பம் குடியிருந்தால் வாடகையில் கொஞ்சம் தள்ளுபடி. அப்புறம், எந்தச் சொத்து யாருக்கு எவ்வளவுக்கு விடப்பட்டது என்பதை ஆண்டுக் கூட்டத்தில் வாசியுங்கள்.

இங்கே உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் அந்தக் கடைசிக் கேள்வியை மட்டுமாவது எழுந்து கேளுங்கள். சரி, எனக்குக் கொடுத்த நேரம் முடிந்தது. முன்வரிசையில் இரண்டு அறங்காவலர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், முகத்தைப் பார்த்தால் என்மேல் கோபம் போலத் தெரிகிறது. ஒலிபெருக்கியை முதலில் அவர்களிடம் கொடுங்கள்.